பேப் ரூத்தை அந்தப் பட்டியலிலிருந்து எடுங்கள்

பேஸ்பாலின் மோசமான டிரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) எது என்று யார் பட்டியல் போட்டாலும் முதலிடம் பேப் ரூத்துக்குத்தான். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை நியூயார்க் யாங்கீஸிடம் விட்டது, 1918-க்குப் பிறகு 2004 வரை கோப்பை கிடைக்கவில்லை, சாபம், இத்யாதி.

அது டிரேடே இல்லை. விற்பனை. 1919 டிசம்பர் கடைசியில் பேசி முடித்து 1920 ஜனவரியில் அறிவித்தார்கள். விலை 1 லட்சம் டாலர். 25,000 உடனே, மிச்சத்துக்குத் தலா 25,000 என்று மூன்று புரோநோட்டு, வட்டி 6 சதவீதம். அதுபோக யாங்கீஸ் உரிமையாளர் ரூப்பர்ட் தனியாக ஒரு பெரிய கடனும் கொடுத்தார். அதற்கு அடமானம் பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானமே. பாஸ்டன் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி நாடகத் தயாரிப்பாளர். அணியை வாங்கிய கடனையே அப்போது முழுதாக அடைத்திருக்கவில்லை. ரூத் யார் என்று தெரியாமல் அவர் விற்கவில்லை. 1919-இல் ரூத் அடித்த 29 ஹோம் ரன்தான் (வேலியைத் தாண்டும் அடி) அதுவரைக்கும் ஒரு சீசனின் சாதனை. தெரிந்தே, பணத்துக்காக விற்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வீரர்கூட வராத பேரத்தில் "யார் யாரைத் தப்பாக மதிப்பிட்டார்கள்" என்ற கேள்விக்கே இடமில்லை.

2020-இல் மூக்கி பெட்ஸை அதே பாஸ்டன் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பியதையும் பாதிக்குமேல் இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். பெட்ஸ் 2018-இன் எம்.வி.பி. (லீகின் மிக மதிப்புள்ள வீரர்). ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் பாக்கி. சம்பளப் பட்டியலை 20.8 கோடி டாலர் என்ற ஆடம்பர வரி எல்லைக்கு (அதைத் தாண்டிச் சம்பளம் கொடுக்கும் அணி வரி கட்ட வேண்டும்) கீழே கொண்டுவர வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. அதனால் பெட்ஸோடு டேவிட் பிரைஸின் 9.6 கோடி சம்பள பாக்கியையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள், அதிலும் பாதியைத் தாங்களே கட்டுவதாகச் சொல்லி. வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். டாட்ஜர்ஸ் அதே ஜூலையில் பெட்ஸுக்கு 12 வருடம், 36.5 கோடி என்று எழுதிக் கொடுத்தது. 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பைகள். டவுன்ஸ் 2022 டிசம்பரில் வாஷிங்டனுக்குப் போனார். வெர்டுகோ அடுத்த வருடம் யாங்கீஸுக்கே போய்விட்டார். மிகப் பெரிய நஷ்டம்தான். ஆனால் அது கணக்குப்பிள்ளை செய்த தவறு, ஆட்டம் தெரிந்தவர் செய்த தவறு இல்லை.

சரி, ஆட்டம் தெரிந்தவர்கள் செய்த தவறு எப்படி இருக்கும்? 1971-72 குளிர்காலம் ஒன்றே போதும்.

அதற்கு முன் ஒரு விதி. ஐபிஎல் டிரேடில் வீரரின் சம்மதம் வேண்டும். பேஸ்பாலில் பொதுவாக அது தேவையில்லை. 1971-இல் நிலைமை இன்னும் மோசம். ரிசர்வ் கிளாஸ் என்ற ஒப்பந்த விதிப்படி, அணியாக விடுவிக்கும்வரை வீரர் அந்த அணிக்கே சொந்தம். கர்ட் ஃப்ளட் என்ற வீரர் இதை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 1972-இல் தோற்றார். ஃப்ரீ ஏஜென்சிக்கு (ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய அணிக்குப் போவது) வழி திறந்தது 1975 டிசம்பரில்தான். இன்றைக்கு ஓர் இளம் வீரரைக் கொடுத்தால் பெரிய லீகில் அவருடைய முதல் ஆறு வருடங்களைக் கொடுக்கிறீர்கள்: சுமார் மூன்று வருடம் குறைந்த சம்பளம், அடுத்த மூன்று ஆர்பிட்ரேஷன் (சம்பளத் தகராறை நடுவர் தீர்ப்பது), பிறகு அவர் சுதந்திரம். அன்றைக்கு 24 வயதுக்காரரைக் கொடுத்தால் அவருடைய முழு வாழ்க்கையையும் கொடுத்ததாக அர்த்தம். பழைய டிரேடையும் புது டிரேடையும் ஒரே தராசில் வைப்பவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

1971 நவம்பர் 29. சின்சினாட்டி ரெட்ஸின் ஜெனரல் மேனேஜர் பாப் ஹவ்சம், ஹூஸ்டனுக்கு லீ மே, டாமி ஹெல்ம்ஸ், ஜிம்மி ஸ்டூவர்ட் மூவரையும் கொடுத்து ஜோ மார்கன், சீசர் ஜெரோனிமோ, ஜாக் பில்லிங்ஹாம், டெனிஸ் மென்கி, எட் ஆர்ம்பிரிஸ்டர் ஐவரையும் வாங்கினார். சின்சினாட்டி ரசிகர்கள் கொதித்தார்கள். கொதிக்காமல் என்ன செய்வார்கள்? மே அந்த வருடம் 39 ஹோம் ரன் அடித்தவர், ஹெல்ம்ஸ் கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டர் விருது) வாங்கிய செகண்ட் பேஸ்மேன்.

ஹவ்சம் பார்த்தது வேறு. ரெட்ஸ் 1970-இல் ரிவர்ஃபிரண்ட் ஸ்டேடியத்துக்கு மாறியிருந்தது. அங்கே செயற்கைப் புல். பந்து தரையில் பட்டுச் சறுக்கிக்கொண்டு ஓடும், ஃபீல்டர்களுக்கு நடுவே நுழைந்தால் வேலிவரை போகும். கால் வேகம் உள்ளவனுக்கு அது பொன் விளையும் பூமி. ரெட்ஸிடம் பலம் இருந்தது, வேகம் இல்லை. மே போனதால் ஃபர்ஸ்ட் பேஸ் காலி. தேர்ட் பேஸில் திணறிக்கொண்டிருந்த டோனி பெரெஸ் அங்கே நகர்ந்தார். மென்கி தேர்ட் பேஸுக்கு வந்தார், ஹெல்ம்ஸ் இடத்தில் மார்கன் நின்றார். ஜெரோனிமோ பிறகு சென்டர் ஃபீல்டில் 1974 முதல் 1977 வரை நான்கு கோல்ட் கிளவ் வாங்கினார். பிட்ச்சர் (பந்து வீசுபவர்) பில்லிங்ஹாம் 1973-இலும் 1974-இலும் 19 ஆட்டம் ஜெயித்தார். ஒரே பேரத்தில் நான்கு ஓட்டைகள் அடைந்தன. மார்கன் 1975-இல் பேட்டிங் சராசரி .327, 132 வாக் (நான்கு தப்பான பந்துக்குக் கிடைக்கும் இலவச ஃபர்ஸ்ட் பேஸ்), 67 ஸ்டீல் (ஓடியே திருடிய பேஸ்). அந்த வருடமும் அடுத்த வருடமும் எம்.வி.பி. அவரே, வேர்ல்ட் சீரிஸ் கோப்பையும் ரெட்ஸுக்கே. என் கணக்கில் வரலாற்றின் மிகச் சிறந்த டிரேட் இதுதான். ஹூஸ்டனுக்குப் போன மே அங்கும் ஒழுங்காகத்தான் அடித்தார் என்பது இதன் அழகைக் கூட்டுகிறது. எதிராளியை ஏமாற்றவில்லை, தன் மைதானத்தைச் சரியாகப் படித்தார், அவ்வளவுதான்.

அதே நாள் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், பிட்ச்சர் கேலார்ட் பெரியையும் ஃபிராங்க் டஃபியையும் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து இன்னொரு பிட்ச்சர் சாம் மெக்டவலை வாங்கியது. பெரிக்கு வயது 33, மெக்டவலுக்கு 29. நான்கு வருடம் இளமை என்பதுதான் கணக்கு. பெரி அடுத்த வருடமே 24 ஆட்டம் ஜெயித்து சை யங் விருது (சிறந்த பிட்ச்சருக்கு) வாங்கினார், 300 வெற்றியையும் தாண்டிவிட்டுத்தான் ஓய்ந்தார். மெக்டவல் வேகப்பந்தை நம்பியவர், குடிப்பழக்கமும் இருந்தது. ஜயன்ட்ஸ் அவரை 1973-இலேயே யாங்கீஸுக்கு விற்றுவிட்டது. ஆளைப் பார்க்காமல் பிறந்த தேதியைப் பார்ப்பது பழைய வியாதி. 1965-இல் ரெட்ஸ் ஃபிராங்க் ராபின்சனை 30 வயதிலேயே வயதாகிவிட்டது என்று சொல்லி பால்டிமோருக்கு அனுப்பியது. அதற்கு முந்தின சீசனில் அவர் 33 ஹோம் ரன், 113 ஆர்.பி.ஐ. (அவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்). அடுத்த சீசனில் சராசரி .316, 49 ஹோம் ரன், 122 ஆர்.பி.ஐ. என்று டிரிப்பிள் கிரௌன் (மூன்றிலும் லீகில் முதலிடம்), எம்.வி.பி., கோப்பை எல்லாம் அடித்துக்கொண்டு போனார்.

1971 டிசம்பர் 10. நியூயார்க் மெட்ஸ், பிட்ச்சர் நோலன் ரயனோடு இன்னும் மூன்று பேரைச் சேர்த்து கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்து ஜிம் ஃப்ரெகோசியை வாங்கியது. என் பட்டியலில் மிக மோசமானது இதுதான். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

ரயன் அப்போது தேறிய பிட்ச்சர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 1971-இல் 10 வெற்றி, 14 தோல்வி, 152 இன்னிங்ஸில் 137 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது), விட்டுக்கொடுத்த வாக் 116. ராணுவ ரிசர்வ் பணிக்காக இடையிடையே போய் வந்ததால் ஒழுங்கான இடைவெளியில் பந்து வீசவே வாய்ப்பில்லை. பொறுமை இழந்ததை மன்னிக்கலாம். வாங்கியதை மன்னிக்க முடியாது. ஃப்ரெகோசி ஷார்ட்ஸ்டாப். மெட்ஸுக்கு வேண்டியது தேர்ட் பேஸ்மேன். 1971-இல் காலில் கட்டி வந்து அறுவை சிகிச்சை, சராசரி .233. ஆக, காயத்திலிருந்து வருகிற, கீழிறங்குகிற ஓர் ஆளை வாங்கி, பழக்கமில்லாத இடத்தில் நிறுத்தி, அதற்கு நான்கு பேரை விலையாகக் கொடுத்தார்கள். வசந்தகாலப் பயிற்சியிலேயே அவருக்குக் கட்டைவிரல் முறிந்தது. 1972 சராசரி .232. 1973 ஜூலையில் டெக்சாஸுக்கு விற்றார்கள்.

இதைவிட எரிச்சல் தருவது, அதே தேர்ட் பேஸ் ஓட்டைக்காக மெட்ஸ் 1969 டிசம்பரிலேயே ஒரு முறை சூடுபட்டிருந்தது. ஏமோஸ் ஓடிஸைக் கன்சாஸ் சிட்டிக்குக் கொடுத்து ஜோ ஃபாயை வாங்கினார்கள். ஃபாய் ஒரு வருடம்கூட உருப்படியாக ஆடவில்லை, ஓடிஸ் ஐந்து முறை ஆல் ஸ்டார். ஓர் இடம் காலியாக இருக்கிறது என்ற பதற்றத்தில் கடைக்குப் போனால் இப்படித்தான் ஆகும், விற்பவனுக்கு உங்கள் பதற்றம் தெரியும். ஏஞ்சல்ஸ் பக்கம் பேரம் பேசியவர் ஹாரி டால்டன். 1965-இல் பால்டிமோருக்காக ராபின்சன் பேரத்தை முடித்ததும் அவரே.

ஏஞ்சல்ஸில் பிட்ச்சிங் கோச் டாம் மார்கனும் கேட்சர் ஜெஃப் டோர்போர்கும் ரயனின் வீச்சை நிதானப்படுத்தினார்கள். முறையாக, குறித்த இடைவெளியில் வீச வைத்தார்கள். 1972-இல் 329 ஸ்ட்ரைக்அவுட், 1973-இல் 383. ஏஞ்சல்ஸோடு எட்டு சீசனில் 138 வெற்றி, நான்கு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம்). ஃப்ரெகோசி பின்னாளில் ஏஞ்சல்ஸுக்கே மேனேஜராகி, ரயனை வைத்துக்கொண்டு 1979-இல் டிவிஷன் (லீகின் ஒரு பிரிவு) ஜெயித்தார் என்பது தனி வேடிக்கை.

அந்தக் குளிர்காலம் அதோடு முடியவில்லை. 1972 பிப்ரவரி 25-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பிட்ச்சர் ஸ்டீவ் கார்ல்டனை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பி இன்னொரு பிட்ச்சர் ரிக் வைஸை வாங்கியது. கார்ல்டன் 27 வயது, முந்தின சீசனில் 20 வெற்றி. தகராறு சம்பளத்தில் சில ஆயிரம் டாலருக்கு. உரிமையாளர் கஸ்ஸி புஷ்ஷுக்குக் கோபம், அனுப்பிவிடு என்றார். ஏப்ரலில் அதே கோபத்தில் பிட்ச்சர் ஜெரி ராய்ஸும் போனார், ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் மொத்தம் 220 வெற்றி. கார்ல்டன் 1972-இல் செய்ததை நிதானமாகப் படியுங்கள்: அவருடைய அணி மொத்தம் ஜெயித்தது 59 ஆட்டம், அதில் 27 அவருடையது. 346 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன், குறைந்தால் நல்லது) 1.97. வைஸ் மோசமானவர் இல்லை. 1971-இல் ஒரே ஆட்டத்தில் நோ-ஹிட்டரும் வீசி இரண்டு ஹோம் ரன்னும் அடித்தவர். இரண்டு நல்ல சீசன் கொடுத்தார், பிறகு அவரைக் கொடுத்து ரெஜி ஸ்மித்தை வாங்க முடிந்தது. அதனால்தான் இதை ரயனுக்கு ஒரு படி கீழே வைக்கிறேன். மெட்ஸ் கையில் கடைசியில் எதுவும் மிஞ்சவில்லை.

இப்போது, எல்லாரும் கேலி செய்கிற இரண்டு ஆகஸ்ட் டிரேடுகளுக்கு வருவோம். 1986 முதல் டிரேட் கெடு ஜூலை 31 என்று இருந்தது. அதற்குப் பிறகும் கொடுக்கல் வாங்கல் நடந்தது, ஆனால் அணியின் 40 பேர் பட்டியலில் உள்ளவர்கள் முதலில் வேய்வர்ஸ் என்ற கட்டத்தைத் தாண்ட வேண்டும், அங்கே மற்ற அணிகள் குறுக்கே புகுந்து பிடித்துக்கொள்ளலாம். பட்டியலில் இல்லாத மைனர் லீக் (கீழ்நிலை லீக்) பையனுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. ஆகையால் ஆகஸ்டில் விற்கிறவர்கள் பெயர் தெரியாத பையன்களையே கேட்டார்கள். பின்னால் பார்த்தால் அந்தப் பையன்களில் சிலர் ஹால் ஆஃப் ஃபேம் (மாபெரும் வீரர்களுக்கான கௌரவம்). 2019-இலிருந்து இந்தப் பின்வாசல் மூடப்பட்டுவிட்டது.

1987 ஆகஸ்ட் 12: டெட்ராய்ட் டைகர்ஸ் பிட்ச்சர் டாயில் அலெக்சாண்டரை வாங்கி 20 வயது பிட்ச்சர் ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. இதை நான் மோசம் என்று சொல்லவே மாட்டேன். அலெக்சாண்டர் 11 ஆட்டம் தொடக்கத்திலிருந்து வீசி 9 வெற்றி, தோல்வியே இல்லை, இ.ஆர்.ஏ. 1.53. டைகர்ஸ் டிவிஷனை ஜெயித்தது இரண்டே ஆட்ட வித்தியாசத்தில். ஸ்மோல்ட்ஸ் அப்போது டபுள்-ஏ என்ற மைனர் லீகில் 4 வெற்றி, 10 தோல்வி, இ.ஆர்.ஏ. 5.68. விலை கொடுத்தார்கள், சரக்கு வந்தது.

1990 ஆகஸ்ட் 30-இல் பாஸ்டன் ஜெஃப் பாக்வெலைக் கொடுத்து வாங்கிய லாரி ஆண்டர்சன் வேறு கதை. 37 வயது ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் பிட்ச்சர்), வீசியது 22 இன்னிங்ஸ். நன்றாகத்தான் வீசினார், இ.ஆர்.ஏ. 1.23. ஆனால் அலெக்சாண்டர் வீசியதில் கால்வாசிதான் அது. பிளேஆஃப் தொடரில் ஓக்லாந்திடம் 4-0 என்று தோற்று வீட்டுக்கு வந்தார்கள், ஆண்டர்சன் அந்தக் குளிர்காலமே ஃப்ரீ ஏஜென்ட் ஆகி சான் டியேகோ போனார். பாஸ்டன் பக்கத்து வாதம், தேர்ட் பேஸில் வேட் போக்ஸ், அவருக்குப் பின்னால் ஸ்காட் கூப்பர், பாக்வெலுக்கு இடமில்லை என்பது. ஹூஸ்டனிலும் தேர்ட் பேஸில் கென் கமினிட்டி இருந்தார். அவர்கள் பாக்வெலிடம் ஃபர்ஸ்ட் பேஸ் கிளவ் கொடுத்தார்கள், வேலை முடிந்தது. 1991-இல் சிறந்த அறிமுக வீரர், 1994-இல் எம்.வி.பி., மொத்தம் 449 ஹோம் ரன்.

கடைசியாக மாண்ட்ரியல் எக்ஸ்போஸ். 2002 ஜூன் 27: பிட்ச்சர் பார்த்தோலோ கோலோனுக்காக, பின்னாளில் நட்சத்திரங்களான கிளிஃப் லீ, கிரேடி சைஸ்மோர், பிராண்டன் ஃபிலிப்ஸ் மூவரையும் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தார் ஜெனரல் மேனேஜர் ஓமர் மினாயா. காகிதத்தில் பார்த்தால் படுகொலை. ஆனால் அணி அப்போது லீகின் சொத்து. எக்ஸ்போஸைக் கலைத்துவிடுவார்கள் என்ற பேச்சு முந்தின நவம்பரிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் அணியே இருக்காது என்று நினைப்பவர் எதிர்காலத்தை எதற்குச் சேமிப்பார்? கோலோன் வந்து 10 வெற்றி, 4 தோல்வி என்று தன் வேலையைச் செய்தார். அணி 83 ஆட்டம் ஜெயித்தும் அட்லாண்டாவுக்கு 19 ஆட்டம் பின்னால் முடித்தது. டிரேட் நடந்து இரண்டு மாதம் கடந்ததுமே, ஆகஸ்ட் 30-இல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தம் 2006 வரை எந்த அணியையும் கலைக்க முடியாது என்று எழுதிவிட்டது. அடுத்த ஜனவரியில் சம்பளம் கட்டுப்படியாகாமல் கோலோனை சிகாகோ வொயிட் சாக்ஸிடம் விட்டார்கள். பதிலுக்கு வந்தவர்களில் பெயர் பெற்றவர் ஆர்லாண்டோ ஹெர்னாண்டஸ். தோள்பட்டைக் காயத்தால் அவர் மாண்ட்ரியலுக்காக ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை.