"கிடைச்சதே பெரிசு" என்பது நன்றியா?

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ ஓடுது" என்பார்கள், இல்லையென்றால் "இந்தக் காலத்துல கிடைச்சதே பெரிசு" என்பார்கள். இரண்டாவது பதிலைத்தான் நன்றியுணர்வு என்று எல்லோரும் பாராட்டுகிறோம். எனக்கென்னவோ அதில் நன்றியைவிடப் பயம்தான் அதிகம் தெரிகிறது. விசா முதலாளியின் கையில், கடன் தலைக்கு மேல், வேலை போனால் நாட்டைவிட்டே கிளம்பவேண்டும் என்ற நிலையில் இருப்பவர் வேறென்ன சொல்வார்?

பயத்தை நன்றி என்று நம்பிவிட்டால் அடுத்து வருவது விட்டுக்கொடுத்தல். ஓவர்டைம் பணம் வரவில்லையா, போகட்டும். பாஸ்போர்ட்டை நிறுவனமே வாங்கி வைத்திருக்கிறதா, பாதுகாப்பாக இருக்கட்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பை அடையாளம் காண 11 அறிகுறிகளை வரையறுத்திருக்கிறது. சம்பளத்தைப் பிடித்துவைப்பது, அடையாள ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்வது, அளவுக்கு மீறிய ஓவர்டைம் மூன்றும் அதில் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவருக்கு நன்றி சொல்லும் பயிற்சி தேவையில்லை. ஒப்பந்தத்தின் நகல், சம்பளச் சீட்டுகள், வேலை செய்த மணிக்கணக்கு ஆகியவற்றை நிறுவனத்தின் கணினியில் இல்லாமல் தன் கையில் வைத்திருப்பதும், தொழிலாளர் துறையிலோ தூதரகத்திலோ விசாரிப்பதும்தான் தேவை. இனி எழுதுவதெல்லாம் ஓரளவு ஒழுங்கான இடத்தில் வேலை செய்துகொண்டே உள்ளுக்குள் வறண்டுபோனவர்களுக்கு.

முதலில் காலக்கணக்கு. அமெரிக்கா போய்வந்த நார்வே நாட்டவரில் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்றவர்களை ஆராய்ந்து ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடையில் இருந்தவர்கள்தான் தடுமாறினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே போக்கு கிடைக்கவில்லை என்பதால் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முதல் வருட முடிவில் "இந்த வேலையே எனக்கு ஒத்துவரலை" என்று தோன்றினால், வெறுப்பு வேலைமீதா, தனிமைமீதா, தூக்கமில்லாத ஷிப்டின்மீதா என்று பிரித்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு வாரம், தூங்கப்போகும் முன் ஒரே வரி: இன்று எந்த நேரம் இழுத்தது, எந்த நேரம் தெரியாமல் போனது. இழுத்த நேரமெல்லாம் அறைக்குத் திரும்பிய பிறகே என்றால், வேலையை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

நன்றிக் குறிப்பு எழுதச் சொல்லி ஊரே அறிவுரை சொல்கிறது, எப்படி எழுதினால் பலிக்கும் என்பதை மட்டும் சொல்வதில்லை. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், நன்றி தோன்றவைத்த விஷயங்களை, ஐந்துவரை, வாரம் ஒருமுறை பத்து வாரம் ஒரு குழுவை எழுதவைத்தார்கள்; இன்னொரு குழு எரிச்சல்களை எழுதியது. எரிச்சல்களை எழுதியவர்களைவிட இவர்கள் மனநிறைவாக இருந்தார்கள், உடல் உபாதைகளும் குறைவாகச் சொன்னார்கள். சோன்யா லியூபோமிர்ஸ்கியின் குழு வாரம் ஒருமுறை எழுதியவர்களையும் மூன்று முறை எழுதியவர்களையும் ஒப்பிட்டபோது, பலன் தெரிந்தது ஒருமுறை எழுதியவர்களிடம்தான். அடிக்கடி எழுதினால் அது வருகைப் பதிவேடு ஆகிவிடுகிறது. அதனால் விடுமுறைக்கு முந்தின இரவு, பத்து நிமிடம் போதும். "நல்ல வேலை, நல்ல சம்பளம்" என்று எழுதினால் மூன்றாம் வாரமே அலுத்துவிடும். யார், என்ன செய்தார், செய்யாமலும் இருந்திருக்கலாமே என்ற மூன்றும் வரவேண்டும். "மிஷின் நின்றபோது பக்கத்து லைன் ஆள் தன் இடைவேளையை விட்டுவிட்டு வந்து பெல்ட்டை மாட்டிக் கொடுத்தார்" என்பது குறிப்பு. அடுத்த நாள் அவரிடமே அதைச் சொல்லிவிடுவது இன்னும் மேல். அந்நிய மண்ணில் நட்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. "நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்" என்ற ஒப்பீட்டை மட்டும் குறிப்பில் சேர்க்காதீர்கள். அது குற்றவுணர்ச்சியைத்தான் வளர்க்கும்.

ஈடுபாடு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. "எனக்குப் பிடித்த வேலை எங்கோ இருக்கிறது, கண்டுபிடிக்கவேண்டும்" என்ற நம்பிக்கையே பலரைக் கெடுக்கிறது. பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் 2018-இல் காட்டியது இதுதான்: ஆர்வம் பிறவியிலேயே அமைந்தது என்று நம்புகிறவர்கள், ஒன்று கடினமானதும் சீக்கிரம் கைவிடுகிறார்கள். ஆர்வம் பெரும்பாலும் கைத்திறனுக்குப் பின்னால்தான் வருகிறது. ஆகவே முழு வேலையையும் நேசிக்க முயலாமல், அதில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். செவிலியர் என்றால் ஊசி முதல் முயற்சியிலேயே ரத்தக்குழாயில் ஏறுவது. கிடங்கு என்றால் ஒரு ஷிப்டில் தவறாக எடுத்த பொருள்களின் எண்ணிக்கை. வெல்டர் என்றால் திருப்பி அனுப்பப்படும் ஜாயின்ட்டுகள். மென்பொருள் என்றால் கோட் ரிவ்யூவில் திரும்பத் திரும்ப வரும் ஒரே குறை. ஆறு வாரம் அதை மட்டும் எண்ணுங்கள், உங்களைவிட நன்றாகச் செய்பவரிடம் கேளுங்கள். இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு, வேகத்தை எண்ணத் தொடங்குவது. வேகம் ஏறினால் அடுத்த மாத இலக்கும் ஏறும், ஆர்வம் இறங்கும். தரத்தை எண்ணுங்கள்.

இன்னொரு கண்ணி, பணம் அனுப்புவது மட்டுமே வேலையின் அர்த்தமாகிவிடுவது. கடன் அடைந்த மாதமே பலருக்கு வெறுமை வருவது இதனால்தான். நம் உழைப்பு யாரைப் போய்ச் சேர்கிறது என்று கண்ணால் பார்ப்பது நல்ல மருந்து. பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை திரட்டிய தொலைபேசி ஊழியர்களை, அந்தப் பணத்தில் படித்த மாணவர் ஒருவரோடு சில நிமிடம் பேசவைத்தார் ஆடம் கிராண்ட். ஒரு மாதம் கழித்து அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. 2007-இல் வெளிவந்த ஆய்வு அது. பொருள் எங்கே போகிறது, யார் பயன்படுத்துகிறார்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மொழி இடித்தால் இதெல்லாம் பாதியில் நிற்கும். திறமை இருந்தும் சொல்ல வராதவர் மீட்டிங்கில் மந்தமானவராகத் தெரிவார், கொஞ்ச நாளில் தானே அப்படி நம்பவும் தொடங்குவார். அகராதியை மனப்பாடம் செய்யவேண்டாம். உங்கள் வேலையில் தினமும் புழங்கும் 30 வாக்கியங்களை முழுசாக எழுதி, உள்ளூர் சக ஊழியர் ஒருவரிடம் திருத்தி வாங்கி, சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். புரியாமல் தலையாட்டுவதுதான் பெரிய ஆபத்து. "நீங்க சொன்னது இதுதானே?" என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்.

ஈடுபாடு கூடிப்போவதும் உண்டு. உளவியலாளர் ராபர்ட் வாலரான்ட் 2003-இல் ஈடுபாட்டை இரண்டு வகையாகப் பிரித்தார்: வாழ்க்கையின் மற்ற பக்கங்களோடு ஒத்துப்போகும் ஈடுபாடு, மனிதரையே ஆட்டிவைக்கும் ஈடுபாடு. புலம்பெயர்ந்தவருக்கு இரண்டாவது எளிதில் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் மாலையில் போக வேறு இடம் இருப்பதில்லை. விடுமுறை நாளில் ஆபீஸ் குரூப்பைத் திறக்காமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாராந்தரச் சந்திப்பில் பெயரைக் கொடுங்கள், விளையாட்டோ நூலகமோ எதுவாகவும் இருக்கட்டும். இதற்காக ஓவர்டைமை விடவேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாரத்தில் ஒன்றையாவது விடுங்கள்.