ரீச்சர் பாடிய பாட்டு

(திருகோணமலை. இளைப்பாறின ரீச்சர் ஒரு ஓட்டோவில் கோட்டைப் பக்கம் போகிறார். ஓட்டுகிறவர் அவரிடம் ஏழாம் வகுப்பில் படித்தவர். ஓட்டோவின் செட்டில் பாட்டு.)

ரீச்சர்: தம்பி, அந்தப் பாட்டை முடிய விடும்.

ஓட்டோ: முடிந்துவிட்டது ரீச்சர்.

ரீச்சர்: எங்கே முடிந்தது? சரணமே இன்னும் தொடங்கவில்லை.

ஓட்டோ: நல்ல இடம் அவ்வளவுதான், மிச்சமெல்லாம் இழுவை. பென் டிரைவில் ரெண்டாயிரம் பாட்டு கிடக்கிறது, ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் நான் எப்போது எல்லாவற்றையும் கேட்டு முடிப்பது?

ரீச்சர்: சரி, இப்போது வெட்டினீரே, அது என்ன பாட்டு?

ஓட்டோ: எம்.ஜி.ஆர். பாட்டு.

ரீச்சர்: எம்.ஜி.ஆர். எப்போது பாடினார்?

ஓட்டோ: படத்தில் பாடினாரே, நானே பார்த்தேன்.

ரீச்சர்: அவர் வாயசைத்தார். பாடியது டி.எம்.சௌந்தரராஜன். எழுதியது பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், 1959இல் 29 வயதில் செத்துப்போன மனிதன். உம்முடைய பென் டிரைவில் அந்த ஃபோல்டருக்கு என்ன பெயர் போட்டிருக்கிறீர், சொல்லும் பார்ப்போம்.

ஓட்டோ: "எம்.ஜி.ஆர். தத்துவம்".

ரீச்சர்: நல்லது. எழுதினவன் இளமையிலேயே போய்விட்டான், தத்துவம் மட்டும் வாயசைத்தவருக்கு.

ஓட்டோ: பட்டுக்கோட்டை என்று போட்டால் சனம் பஸ் ரூட் என்று நினைக்கும் ரீச்சர்.

ரீச்சர்: முன்பு இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். இப்போது யாரைக் கேட்டாலும் நடிகர் பெயர் வருகிறது. போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் அறிவிப்புச் செய்த பையன், அந்தப் பாட்டுக்கு ஆடின நடிகையின் பெயரைச் சொல்லி "அவருடைய இனிய குரலில்" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓட்டோ: சாப்பாடு சரியில்லையா ரீச்சர்?

ரீச்சர்: சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அந்தச் செட்டை நிற்பாட்டிப் புளூடூத்தைப் போடும். இனி என்னுடையதைக் கேட்போம்.

(போன் இணைகிறது. பியானோ. பிறகு ஒரு பெண் குரல், பூச்சு எதுவும் இல்லாமல். ஓட்டோ கண்ணாடி வழியாக ரீச்சரைப் பார்க்கிறார். பிறகு டிஸ்பிளேயைப் பார்க்கிறார். இந்த நேரத்தில் வீதியையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.)

ஓட்டோ: ரீச்சர்! இது நீங்களா?

ரீச்சர்: என்ன நானா?

ஓட்டோ: "என்னுடையது" என்று நீங்கள்தானே சொன்னீர்கள். டிஸ்பிளேயிலும் உங்கள் பெயர்தான் ஓடுகிறது.

ரீச்சர்: அது என் போனின் பெயர்.

ஓட்டோ: போனுக்கு யார் பெயர் வைப்பார்கள்? பாடினவருக்குத்தான் பெயர். குரலைக் கேட்ட உடனேயே பிடித்துவிட்டேன், ஏழாம் வகுப்பில் இடாப்புக் கூப்பிட்ட அதே குரல். அலங்காரமே இல்லை, ஆனால் கூப்பிட்டால் கடைசி வாங்கில் இருக்கிறவனும் எழும்புவான்.

ரீச்சர்: நீர் எழும்பினதாக எனக்கு ஞாபகம் இல்லை. இவர் பெயர் கரோல் கிங், அமெரிக்காக்காரி. இசைத்தட்டின் பெயர் டாப்பெஸ்ட்ரி. 1971 பெப்ரவரியில் வந்தது. அப்போது நான் குரும்பட்டித் தேர் இழுத்துக்கொண்டு திரிந்த சின்னப் பிள்ளை.

ஓட்டோ: அந்த வயதிலேயே பாடிவிட்டீர்களா!

ரீச்சர்: தம்பி, நான் இல்லை.

ஓட்டோ: அடக்கம். எங்கள் ரீச்சர் எப்போதும் இப்படித்தான்.

ரீச்சர்: கதையைக் கேளும். இந்தப் பெண்ணுக்குத் தொழில் மற்றவர்களுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுப்பது. நியூயோர்க்கில் ஒரு அறையில் இருந்து புருஷன் ஜெரி கோஃபின் வரி எழுத, இவர் மெட்டுப் போடுவார். பதினெட்டு வயதிலேயே இவர்கள் செய்த ஒரு பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. பாடியது வேறு பெண்கள், பெயரும் அவர்களுக்குத்தான். பத்து வருஷம் இப்படியே போனது.

ஓட்டோ: நீங்களும் அப்படித்தானே! விளையாட்டுப் போட்டிப் பாட்டு, ஒளி விழாப் பாட்டு, அதிபர் இளைப்பாறினபோது பாடின பாட்டு, எல்லாம் நீங்கள் எழுதினது. மேடையில் பாடின பிள்ளைக்குக் கப் கொடுத்தார்கள், பழக்கினவருக்குப் பொன்னாடை போட்டார்கள். உங்களுக்கு என்ன கொடுத்தார்கள்?

ரீச்சர்: சோடா.

ஓட்டோ: அதுவும் பாதி.

ரீச்சர்: கூலும் இல்லை. அது கிடக்கட்டும். இவர்கள் வீட்டில் பிள்ளை பார்க்க ஒரு பெட்டை இருந்தாள். 1962இல் அவளையே ஒரு பாட்டுப் பாட வைத்தார்கள். அதுவும் முதலிடம். லிட்டில் ஈவா என்று உலகமே அவளைக் கொண்டாடியது.

ஓட்டோ: உங்கள் வீட்டில் நின்ற பிள்ளையும் பாடுவாளே ரீச்சர்.

ரீச்சர்: அவள் என் போனில் டேட்டா முடியும்வரை நாடகம் பார்த்தாள். வீதியைப் பார்த்து ஓட்டும்.

ஓட்டோ: பிறகு புருஷன்?

ரீச்சர்: பிரிந்துவிட்டார்கள். ரெண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார். மேடை ஏறப் பயம், பாடகி என்று தன்னைச் சொல்லவே கூச்சம். பக்கத்தில் இருந்த சிநேகிதர்கள்தான் நீயே பாடு, நீயே பாடு என்று தள்ளிவிட்டார்கள். அப்படி வந்ததுதான் இது.

ஓட்டோ: (குரலைத் தாழ்த்தி) மாஸ்டருக்கும் உங்களுக்கும் ஏதும் பிரச்சினையா ரீச்சர்? நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

ரீச்சர்: மாஸ்டர் வீட்டில் மீன் வெட்டுகிறார்! பிரிந்தது கரோல் கிங்.

ஓட்டோ: விளங்குகிறது. வெளியில் அந்தப் பெயரில்தான் சொல்ல வேண்டும்.

(கோட்டைப் பக்கம் போகிற வீதியில் மான்கள். மற்ற ஊர்களில் வீதியை மாடு மறிக்கும், திருகோணமலையில் புள்ளிமான் மறிக்கும், அதுவும் ஹோர்ன் அடித்தால் கவிதை கேட்பது போலத் திரும்பிப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்கும். ஓட்டோ நிற்கிறது. ரெண்டாவது பாட்டு ஓடுகிறது. வெட்டுவதற்குப் போன கை பாதியில் நிற்கிறது.)

ஓட்டோ: இது என்ன பாட்டு ரீச்சர்? வெளிநாட்டுக்குப் போனவர்களைப் பற்றியதா?

ரீச்சர்: உமக்கு இங்கிலீஷ் விளங்குகிறதா? ஏழாம் வகுப்பில் விளங்கவில்லையே.

ஓட்டோ: விளங்கவில்லை. ஆனால் அப்படித்தான் கேட்கிறது.

ரீச்சர்: சரியாகத்தான் பிடித்திருக்கிறீர். எல்லாரும் எங்கேயாவது போய்க்கொண்டே இருக்கிறார்கள், வேண்டியவர் தூரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். அழுது கூப்பாடு போடாமல் சொல்கிறார். ஸ்டூடியோவிலும் பெரிய ஆரவாரம் இல்லை, பியானோ, கிட்டார், ட்ரம்ஸ், தெரிந்த சிநேகிதர்கள். அதனால்தான் 1971இல் செய்ததை இந்த மான் கூட நின்று கேட்கிறது.

ஓட்டோ: எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு பூட்டு ரீச்சர். லண்டன், கனடா, சுவிஸ். எல்லா வீட்டுத் திறப்பும் என்னிடம்தான். கிணறு இறைக்கிறது, பைப் உடைந்தால் ஆள் பிடிக்கிறது, வெள்ளிக்கிழமை விளக்குக் கொளுத்துகிறது எல்லாம் நான். வாசலில் கல்லில் வெட்டியிருக்கிறது மட்டும் அவர்கள் பெயர்.

ரீச்சர்: அப்படியென்றால் பட்டுக்கோட்டையை உமக்கு விளங்க வேண்டுமே.

(மான் போகிறது. ஓட்டோ உடனே போவதில்லை. பின்னால் நிற்கிற வான்காரர் அடிக்கிற ஹோர்ன் இந்த இசைத்தட்டில் இல்லாதது.)

ஓட்டோ: ஆனால் ரீச்சர், இவ்வளவு நன்றாகப் பாடிவிட்டு ஏன் ஊருக்குச் சொல்லவில்லை?

ரீச்சர்: கடவுளே. இந்தா, இசைத்தட்டின் மட்டையைப் பாரும். போனில் இருக்கிறது. ஜன்னல் ஓரத்தில், வெறுங்காலோடு, கையில் தான் பின்னின தையல் வேலையோடு இருக்கிறாரே, இவர்தான் கரோல் கிங். இதில் நான் எங்கே இருக்கிறேன்?

ஓட்டோ: (பெரிதாக்கிப் பார்த்து) சுருட்டை முடி.

ரீச்சர்: ஊரில் பாதிப் பேருக்குச் சுருட்டை முடி.

ஓட்டோ: முன்னால் பூனை. உங்கள் வீட்டிலும் பூனை.

ரீச்சர்: என் பூனை கறுப்பு.

ஓட்டோ: 1971 என்றால் அது இதன் பூட்டியாக இருக்கும். தையலும் உங்களுக்கு வரும். இதற்கு மேல் என்ன ரீச்சர் சாட்சி வேண்டும்? டிஸ்பிளேயிலும் பெயர் ஓடுகிறது.

ரீச்சர்: சரி, அடுத்த பாட்டையும் கேளும், அதையும் என் தலையில் கட்டும். ஒரு உறவு முடிந்துபோனதைப் பற்றியது, ஆனால் யார் மேலும் பழி போடாது. மெட்டு இவருடையது, வரி டோனி ஸ்டேர்ன் என்ற பெண் எழுதியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓட்டோ: ஒரு பாட்டுக்கு இத்தனை பேரா? டிஸ்பிளே போதாது ரீச்சர்.

ரீச்சர்: அந்த டிஸ்பிளேயில் பெற்றோல் ஸ்டிக்கர், கோணேசர் படம், உம்முடைய மகளின் பிறந்தநாள் போட்டோ எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. எழுதினவருக்கு மட்டும் இடம் இல்லை. இதில் சிநேகிதத்தைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. அதே வருஷம் ஜேம்ஸ் டெய்லர் பாட, அது முதலிடம் போனது. இன்றைக்கும் பாதி உலகம் அதை டெய்லர் பாட்டு என்றுதான் சொல்கிறது. கடைசிப் பாட்டு 1967இல் அரேதா ஃபிராங்க்ளினுக்குச் செய்து கொடுத்தது, அரேதாவின் தொண்டைக்கு முன்னால் ஒருவரும் நிற்க முடியாது, அது வேறு விஷயம். ஆனால் செய்தவர் அதே பாட்டைத் தானே பியானோவில் இருந்து, கத்தாமல் பாடும்போது ஒன்று தெரியும். அவர் யாருக்கும் பாடிக் காட்டவில்லை. தன் சாமானைத் திருப்பி எடுக்கிறார்.

ஓட்டோ: பரிசு ஏதும் கிடைத்ததா?

ரீச்சர்: நாலு கிராமி. இசைத்தட்டு 15 கிழமை தொடர்ந்து முதலிடத்தில் நின்றது. பட்டியலில் மொத்தம் 300 கிழமைக்கு மேல். சிநேகிதப் பாட்டுக்கு டெய்லருக்குப் பாடினதற்கு ஒன்று, இவருக்கு எழுதினதற்கு ஒன்று. எழுதுகிறவருக்கும் ஒரு பரிசு வைக்க வேண்டும் என்று அங்கே யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தோன்றியிருக்கிறது. விழாவுக்கு இவர் போகவில்லை, வீட்டில் கைக்குழந்தை.

ஓட்டோ: நீங்களும் பரிசளிப்புக்கு வரவில்லைத்தானே!

ரீச்சர்: அழைப்பிதழ் வரவில்லை.

ஓட்டோ: (கொஞ்சம் யோசித்து) எத்தனை விற்றது ரீச்சர்?

ரீச்சர்: உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல்.

ஓட்டோ: 2 கோடி! அப்புறம் ஏன் ரீச்சர் பென்ஷன் எடுக்க வரிசையில் நிற்கிறீர்கள்?

ரீச்சர்: (பதில் இல்லை. முதல் தடவையாக ஓட்டோ ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கிறார், அதுவும் தவறான ஆளிடம்.)

ஓட்டோ: ஒரு போட்டோ எடுக்கட்டுமா? பாட்டோடு சேர்த்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிறேன். "எங்கள் ரீச்சரின் இனிய குரலில்" என்று. நல்ல இடத்தை மட்டும் வெட்டி, முப்பது செக்கனில்.

ரீச்சர்: எந்த இடம் நல்ல இடம்?

ஓட்டோ: தொடக்கத்தில் பியானோ வருகிறதே, அது.

ரீச்சர்: அப்போது பாட்டு?

ஓட்டோ: அது இழுவைதானே.

ரீச்சர்: நிற்பாட்டும். இறங்குகிறேன்.

ஓட்டோ: கோட்டை வாசல் வந்துவிட்டது ரீச்சர், இறங்கத்தான் வேண்டும். இல்லை இல்லை, காசு வேண்டாம். உங்களிடம் காசு வாங்கினால் எனக்குப் பாவம். வேண்டுமென்றால் எனக்கு ஒரு பாட்டு எழுதித் தாருங்கள், என் ஓட்டோவைப் பற்றி. பின்னால் ஸ்பீக்கரில் நாள் முழுக்கப் போடுவேன், வெட்டவே மாட்டேன், சத்தியம்.

ரீச்சர்: முழுப் பாட்டையும் போடுவீரா?

ஓட்டோ: முழுப் பாட்டும்.

ரீச்சர்: எழுதித் தரலாம். யார் பெயர் போடுவீர்?

ஓட்டோ: என் பெயர்தான் ரீச்சர். ஓட்டோ என்னுடையது.

ரீச்சர்: காசைப் பிடியும்.