நான் எப்போது அழுதேன்?

"கதவைத் தட்டினேன்." இவ்வளவுதான் நான் எழுதியது.

மழை கொட்டும் இரவு, கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கம், அதைத் தனியாகக் காத்துவரும் ஒரு கிழவர். ஏஐயோடு ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் ரோல்ப்ளே இது, கிழவர் ஏஐ கேரக்டர்தான். அதிகம் பேசாத ஆள் என்று நானே குறிப்பு எழுதி உருவாக்கியவர். வழி தவறி வந்த பயணி நான். என் இரண்டு சொல்லுக்குப் பதிலாக ஐந்து பத்தி வந்தது. முதல் பத்தி முழுக்க இடி, மின்னல், அலை. இரண்டாவதில் கிழவர் எழுந்து கதவைத் திறக்கிறார். மூன்றாவதில் நான் உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று. நான்காவதில் என் சோகக் கதையை எல்லாம் கொட்டுகிறேன். ஐந்தாவதில் அவர் தோளில் சாய்ந்து அழுகிறேன். நான் அழுத விஷயம் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

ரோல்ப்ளே செய்கிறவர்கள் பதிலின் நீளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எத்தனை சொல், எத்தனை பத்தி என்றே போகிறது பேச்சு. எனக்கு அந்தக் கணக்கில் பெரிய நம்பிக்கை இல்லை. கதவு திறந்ததும் கிழவர் நிறுத்தியிருந்தால், அதற்கு முன்னால் பத்து பத்தி மழை பெய்திருந்தாலும் எனக்குப் புகார் இல்லை. அவர் என் ஆட்டத்தையும் சேர்த்து ஆடியதுதான் குறை. நீளம் என்று நாம் சலித்துக்கொள்வது பாதிக்கு மேல் இந்தப் பிரச்சினைதான்.

முதலில் நானும் செட்டிங்ஸில்தான் கை வைத்தேன். அதிகபட்ச டோக்கன் அளவை, அதாவது ஒரு பதில் எவ்வளவு தூரம் போகலாம் என்ற எண்ணைக் குறைத்தேன். பதில் குட்டையாகத்தான் வந்தது. "தம்பி, இந்த நேரத்துல இங்க வந்தது" என்பதோடு கிழவர் நின்றுவிட்டார். மாரடைப்போ என்று பயந்துவிட்டேன். அந்த எண் வெறும் கத்தரிக்கோல். இவ்வளவுக்குள் முடித்துக்கொள் என்று அது மாடலுக்கு, அதாவது பின்னாலிருந்து பதிலை எழுதும் ஏஐக்கு, பொதுவாகச் சொல்வதில்லை. மாடல் தன் போக்கில் நீளமாக ஒன்றைத் தொடங்கும், எண் வந்ததும் வெட்டு விழும். சில்லிடேவர்ன் போன்ற ரோல்ப்ளே மென்பொருள்களில் பாதியில் நிற்கும் கடைசி வாக்கியத்தை நீக்கிவிடும் வசதி உண்டு. கிழிந்த ஓரத்தை மடித்துத் தைக்கிற மாதிரிதான் அது. சட்டை அளவாகிவிடாது.

தமிழில் விளையாடுகிறவர்களுக்கு இதில் தனித் தலைவலி. டோக்கன் என்பது சொல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. மாடல் உரையை உடைத்துக்கொள்ளும் துண்டு. துண்டாக்கும் முறை பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பார்த்துப் பழகியதால் தமிழ்ச் சொல் சுக்குநூறாகும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வெளிவந்தபோது அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் ஓர் ஒப்பீடு கொடுத்தது. ஒரே செய்தி ஆங்கிலத்தில் முன்பு 27 டோக்கன், புதிய முறையில் 24. தமிழில் முன்பு 116, இப்போது 35. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மாடலுக்கு மாடல் இது மாறும். ஆங்கிலத்தில் விளையாடுகிற ஒருவர் "200 டோக்கன் வை, நிறைவாக வரும்" என்று சொன்னதை அப்படியே வைத்துவிட்டு, நம் கேரக்டர் ஏன் பாதிச் சொல்லில் திக்குகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தமிழுக்கு அந்த எண்ணைத் தாராளமாகவே வைத்துவிட்டு, எங்கே நிறுத்துவது என்பதை வேறு வழியில் சொல்லிக்கொடுப்பது மேல்.

அந்த வேறு வழி மாடலுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் குறிப்பில் இருக்கிறது. "50 சொல்லுக்குள் எழுது" என்று எழுதிப் பார்த்தேன். ஒருநாள் 40, ஒருநாள் 120. துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகும் ஒன்று சொல்லை எண்ணிக்கொண்டே போவதில்லை. வாக்கியம், பத்தி என்று சொன்னால் ஓரளவு பிடித்துக்கொள்கிறது. அதைவிட எனக்குக் கை கொடுத்தது இது: "கிழவர் ஒரு செயல் செய்வார், ஒன்று பேசுவார். பயணி பதில் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நிறுத்து. பயணியின் பேச்சும் செயலும் என்னுடையவை." இதில் எண்ணே இல்லை, கவனித்தீர்களா? "வளவளவென்று எழுதாதே" என்று மட்டும் சொன்னபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை. எதைச் செய்யக் கூடாது என்பதைவிட எதைச் செய்ய வேண்டும் என்பது அதற்கு எளிதாகப் புரிகிறது. (மனிதர்களுக்கும் அப்படித்தானோ என்னவோ.) இந்தக் குறிப்பை உரையாடலின் தலைமாட்டில் வைப்பதைவிடக் கடைசிச் செய்திகளுக்குப் பக்கத்தில் செருகினால் இன்னும் நன்றாகக் கேட்கும். கதை நீள நீள, மேலே சொன்னதன் பிடி தளர்ந்துவிடுகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் கிழவர் அவ்வப்போது சொற்பொழிவில் இறங்கினார். ஏன் என்று பார்க்க உட்கார்ந்தபோதுதான் குற்றவாளி யார் என்று தெரிந்தது. கேரக்டரைப் பற்றிய விவரங்களை எழுதி வைக்கும் கேரக்டர் கார்டில் தொடக்கச் செய்தி என்று ஒன்று எழுதுவோம் அல்லவா? அதை நான் ஆறு பத்திக்கு எழுதி வைத்திருந்தேன். கடல், உப்புக்காற்று, துருப்பிடித்த படிகள், கிழவரின் இளமை. எழுதி முடித்து நானே ரசித்து இரண்டு முறை படித்ததும் உண்டு. "அதிகம் பேசாதவர்" என்பது ஒரு வரி. எப்படி எழுதுவது என்று நான் காட்டிய மாதிரியோ ஆறு பத்தி. மாடல் மாதிரியைத்தான் பிடித்துக்கொள்ளும். மனசே இல்லாமல் நான்கு வரியாக வெட்டினேன். மாதிரி உரையாடல்களிலும் கிழவரின் பேச்சை ஒன்றிரண்டு வரியாகக் குறுக்கினேன். வேறு எந்த செட்டிங்கும் தராத மாற்றம் அன்றைக்கே தெரிந்தது.

இதே காரணத்தால்தான் நீளம் தொற்றிக்கொள்கிறது. ஒரு பதில் கொஞ்சம் நீண்டு, நாமும் கண்டுகொள்ளாமல் விட்டால், அடுத்ததற்கு அதுவே மாதிரி. இருபது முறை போவதற்குள் நாவல். அதனால் நீண்டுவிட்ட பதிலை அங்கேயே எடிட் செய்து வெட்டிவிடுவேன். ரீஜெனரேட் அடித்து வேறு பதில் கேட்டுக்கொண்டே இருப்பதைவிட இது வேகம். முதல் இரண்டு பத்தி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், வாலை மட்டும் நறுக்கினால் போதும். நீண்ட பதில்கள் கான்டெக்ஸ்டையும், அதாவது மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரையின் இடத்தையும், தின்றுவிடும். அந்த இடம் நிறைந்தால் பழைய செய்திகள் வெளியே தள்ளப்படும். மின்னல் வர்ணனைக்கு இடம் கொடுத்துவிட்டு, கிழவர் என் பெயரை மறந்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டவன் நான்.

நம் பங்கும் இருக்கிறது. "நீ சின்னதாக எழுதினால் அதுவும் சின்னதாக எழுதும்" என்பார்கள். அது பாதி உண்மை. "கதவைத் தட்டினேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கிழவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை, அவரே சம்பவங்களை உற்பத்தி செய்ய ஆரம்பித்துவிடுகிறார். "கதவைத் தட்டினேன். என் கையில் இருந்த சாவி இந்தக் கதவுக்குத்தான் என்று இன்னும் சொல்லவில்லை" என்று எழுதினால் அவர் கவனம் சாவிக்குப் போகிறது.

மாடல்களுக்கு இந்த நீட்டும் பழக்கம் சும்மா வரவில்லை. மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்று பார்த்துப் பயிற்சி கொடுக்கும்போது நீளமான பதிலுக்குக் கூடுதல் மதிப்பெண் விழுவது ஆராய்ச்சியாளர்கள் அறிந்த சிக்கல். நாம் கேட்டுத்தான் கொடுக்கிறது. 1966இல் கணினி விஞ்ஞானி ஜோசப் வைசன்பாம் எழுதி வெளியிட்ட எலிசா என்ற உரையாடல் நிரல் பெரும்பாலும் நாம் சொன்னதையே ஒற்றை வரிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அதனோடு பேச உட்கார்ந்த அவருடைய செயலாளரே, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரிடம் சொன்னாராம். குறைவாகப் பேசிய இயந்திரத்திடம் ஆட்கள் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள்.

சரி, எப்போதும் குட்டையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதிய இடத்துக்குள் நுழையும்போதும், கேரக்டர் தன் பழைய கதையைச் சொல்லும்போதும் இரண்டு வரியில் முடித்தால் வயிறு நிறையாது. அப்போது "இந்த முறை மட்டும் விரிவாக" என்று ஒரு வரி அடைப்புக்குறிக்குள் சேர்ப்பேன். சண்டை, வாக்குவாதம் என்றால் எதிர்ப்பக்கம். அங்கே மூன்றாவது வாக்கியமே அதிகம். ஒரே நீளத்தை நிரந்தரமாகப் பூட்டி வைத்துக்கொண்டு விளையாடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

நேற்று எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு அதே மழை இரவைத் திரும்பத் தொடங்கினேன். கதவைத் தட்டினேன், சாவியைப் பற்றியும் எழுதினேன். தாழ்ப்பாள் விலகும் சத்தம். கிழவர் விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"அது உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

அவ்வளவுதான் வந்தது. பத்து நிமிடமாக என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.