செங்கோட்டை ஆச்சியும் புனலூர் உறவும்
முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு சேர்ந்ததும் திருவிதாங்கூர் உறவு அறுந்துபோனது என்று செங்கோட்டை பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தொண்ணூற்று நாலு வயது வரை வாழ்ந்த எங்க ஆச்சி, அதற்குப் பிறகுதான் இரண்டு மகள்களைக் கேரளத்துப் புனலூரிலும் கொல்லத்திலும் கட்டிக்கொடுத்தார். மீட்டர் கேஜ் ரயிலில் பதிமூன்று கண் பாலம் தாண்டி, பேறுகாலம், காதுகுத்து, துட்டி (சாவு) என்று எதற்கும் போகாமல் இருந்ததில்லை. பேரப்பிள்ளைகளுக்கு மனக்கணக்கு சொல்லித்தந்ததே ரூபாய்க்கு 28 சக்கரம் என்ற பழைய திருவிதாங்கூர் காசுக் கணக்கில்தான். எவ்வளவு பொறுமை அந்த மனுஷிக்கு! 2010-ல் அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தியபோதுதான் ஆச்சியின் போக்குவரத்து நின்றது. மலைப்பாதை பஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. 2018-ல் முழுப்பாதையிலும் ரயில் திரும்ப ஓடியபோது ஆச்சி இல்லை. புனலூர் சித்திதான் முதல் ஆளாக வந்து இறங்கினார்.