மேலிருந்து பார்ப்பவர்களின் துல்லியம்

ட்ரோன் போரை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் முதல் வாதத்தை யாழ்ப்பாணத்தில் இருக்கும் நாம் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. குறி தவறாத ஆயுதம் பொதுமக்களின் இழப்பைக் குறைக்கும் என்பதே அது. சனம் 'சகடை' என்று அழைத்த விமானப்படையின் போக்குவரத்து விமானத்திலிருந்து பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிட்ட காலத்தையும், 1995 யூலை 9 இல் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்ததையும் அறிந்த எவருக்கும், எங்கே விழும் என்று போடுகிறவனுக்கே தெரியாத குண்டைவிட இது மேல் என்றுதான் தோன்றும். ஆளில்லா விமானம் பல மணி நேரம் ஓரிடத்தையே சுற்றிக்கொண்டு நிற்கலாம். குழந்தையொன்று குறுக்கே வந்தால் தாக்காமல் விடலாம். சுட்டு வீழ்த்தப்பட்டாலும் விமானி சாவதில்லை. சில நூறு டொலர் பெறுமதியான சிறு ட்ரோன்களால் பல மில்லியன் டொலர் யுத்தத் தாங்கிகளை அழித்து, தன்னிலும் பெரிய இராணுவத்தை உக்ரைன் மறித்து நிற்பதும் நம் கண்முன்னே நடக்கிறது.

ஆனால் குறி தவறாமல் அடிப்பது வேறு, அடிபடுபவர் யார் என்று அறிவது வேறு. 2021 ஓகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளைக் காரை அமெரிக்க ட்ரோன்கள் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தன. அதில் ஏற்றப்பட்ட தண்ணீர்க் கலன்களை வெடிபொருள் என்று எண்ணி, கார் வீட்டு முற்றத்துக்கு வந்தபோது ஏவுகணையை விட்டார்கள். ஏவுகணை இம்மியும் பிசகவில்லை. செத்தவர்கள் ஓர் உதவி நிறுவன ஊழியரும் அவருடைய குடும்பத்தவருமாகப் பத்துப் பேர், அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். அதை நியாயமான தாக்குதல் என்று முதலில் சொன்ன அமெரிக்க இராணுவம், ஊடகவியலாளர்கள் கண்காணிப்புக் கமெராப் பதிவுகளைத் தேடி எடுத்து ஆராய்ந்த பின்னரே தவறை ஒப்புக்கொண்டது. அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. பாகிஸ்தானின் வசீரிஸ்தானிலோ, பெயர்கூடத் தெரியாத ஆட்களை அவர்களின் நடமாட்டத்தை மட்டும் வைத்துக் குறிவைத்த காலமும் இருந்தது. 2011 மார்ச் 17 இல் தத்தா கேல் என்ற இடத்தில் சுரங்கத் தகராறு ஒன்றைத் தீர்க்கக் கூடிய ஊர்ப்பெரியவர்கள் மீது ஏவுகணை விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள்.

அறியாமல் கொல்வதைவிட என்னை அதிகம் உறுத்துவது, அறிந்தும் நிறுத்தாதது. 2009 இல் வன்னி வானத்தில் ஆளில்லா வேவு விமானங்கள் ஓயாமல் நின்றன. சனம் 'வண்டு' என்று அழைத்த அது சுற்றிவிட்டுப் போனால், பின்னால் கிபிர் குண்டுவீச்சு விமானமோ எறிகணையோ வரும். பாதிப்பு என்னவென்று தன் சொந்த உளவு வசதிகளால் அறிந்திருந்தும், மக்களுக்கென அறிவித்த பாதுகாப்பு வலயங்கள் மீது இலங்கை அரசு எறிகணைத் தாக்குதல் நடத்தியதாக ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் எழுதியது. (புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் அதே அறிக்கை சொல்கிறது, நமக்கு வசதியான பக்கத்தை மட்டும் படிப்பது அறமல்ல.) உக்ரைனின் கேர்சனில் வீதியில் போகும் பொதுமக்களைத் திரையில் பார்த்துப் பார்த்தே ரஷ்யச் சிறு ட்ரோன்கள் துரத்தித் தாக்கியதை, மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று 2025 இல் ஐ.நா. விசாரணை ஆணைக்குழு முடிவுசெய்தது. இந்த இரண்டு இடங்களிலும் பார்வையில் குறை இருக்கவில்லை.

சாவுக் கணக்கில் சேராத இன்னொன்றும் உண்டு. கோப்பாயில் ஒரு கலியாண வீட்டில் படம் பிடிக்கும் ட்ரோன் இரைந்துகொண்டு எழும்பியதும், வன்னியின் புதுக்குடியிருப்பிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டார். கமெராக்காரப் பொடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தன் பக்கத்தில் பிணம் விழாத போரைத் தொடங்குவதும் நீட்டுவதும் ஆட்சியாளருக்கு இலகு. சவப்பெட்டி வராத ஊரில் கேள்வியும் எழாது. ஆகவே துல்லியத்தைப் பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் கேட்பது செத்தவர்களின் கணக்கைத்தான். போர்க்களமாக அறிவிக்கப்படாத நாடுகளில் 2009 முதல் 2015 வரை நடத்திய 473 தாக்குதல்களில் 64 முதல் 116 வரையான பொதுமக்கள் இறந்ததாக 2016 இல் அமெரிக்கா அறிவித்தது. வெளியில் கணக்கெடுத்த ஊடகவியலாளர்களின் எண்ணிக்கை அதனிலும் பல மடங்கு அதிகம். அந்தக் குறைந்த கணக்கையேனும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற விதியை 2019 இல் அடுத்த ஜனாதிபதி ட்ரம்ப் இரத்துச் செய்துவிட்டார்.