பூங்காவுக்கு வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

எங்கள் பகுதிப் பூங்காவை மறுபடியும் மேம்படுத்தியிருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. மண் தரை முழுக்கச் சிமென்ட் கல். வாசலில் பளபளவென்று ஒரு கல்வெட்டு, மேலிருந்து கீழ்வரை பெயர்களும் பதவிகளும். உள்ளே போனால் உட்கார நிழல் இல்லை. பெஞ்சுகளை வெட்டவெளியில், சுற்றுச்சுவரைப் பார்த்தபடி பதித்திருக்கிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வருகிறது. அந்த வரைபடத்தை எங்கள் தெருக்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

பணம் இல்லை என்றால் பொறுத்துக்கொள்வேன். பணம் வந்தது, ஒப்பந்ததாரர் வந்தார், வேலை நடந்தது, பில்லும் பாஸாகியிருக்கும். தினமும் அங்கே கால் வைக்கிறவர்களிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் ஆத்திரம் முழுவதும் அதன் மேல்தான்.

சறுக்குமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு வேப்ப மரத்தடியில் இருந்தது. இப்போது அந்த நிழலில் உடற்பயிற்சிக் கருவிகளை நட்டுவிட்டு, புதிய எவர்சில்வர் சறுக்குமரத்தை மேற்கு வெயில் நேராக விழும் மூலையில் நிறுத்தியிருக்கிறார்கள். மாலை நாலு மணிக்குக் கதவு திறந்ததும் ஓடிப்போய் அதில் உட்கார்ந்த ஒரு குழந்தை அலறிக்கொண்டு எழுந்தது. தொடை இரண்டும் சிவந்துவிட்டன. அதன் பாட்டி கையில் வைத்திருந்த பாட்டில் தண்ணீரைத் தொடையில் ஊற்றிக்கொண்டே அழுதார். பூங்காக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. எந்த நேரத்தில் எந்த மூலையில் நிழல் விழும் என்று வாசலில் பூ விற்கும் அம்மாவைக் கேட்டிருந்தால் விரலை நீட்டிக் காட்டியிருப்பார். அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை.

புங்க மரத்தின் கதி அதைவிட மோசம். தூரை ஒட்டிக் கல் பதித்து, இடுக்கில் சிமென்ட்டும் பூசிவிட்டார்கள். மழைத் தண்ணீர் வேருக்கு இறங்க ஓர் அங்குல மண் மிச்சமில்லை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக் கூடாது, போட்டிருந்தால் அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லி தொடர்பான வழக்கில் 2013இலேயே உத்தரவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இங்கே மரத்தின் கழுத்தை நெரிக்கிறார்கள், அதுவும் பூங்காவுக்குள், பசுமைக்கு ஒதுக்கிய பணத்தில்.

கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், பூட்டியிருக்கிறார்கள். சாவி காவலாளியிடம், காவலாளிக்கு இன்னொரு பூங்காவிலும் வேலை. காலையில் நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரை நோய்க்காக டாக்டர் நடக்கச் சொல்லி வருகிறவர்கள். அவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும் என்பது வரைபடம் போட்டவருக்குத் தெரியாதா? ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் இரண்டு சுற்றோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள், பலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

பகல் பத்து மணிக்குக் கதவைச் சாத்தினால் மாலை நாலுக்குத்தான் திறக்கிறார்கள். தெருவைக் கூட்டி முடித்த தூய்மைப் பணியாளர்களும் வீட்டு வேலைக்கு வந்து போகிற பெண்களும், பூட்டிய கதவுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார்கள். உள்ளே ஆளில்லாமல் பெஞ்சுகள். இதைப் பார்க்கும்போது வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. சமூக விரோதிகள் வந்துவிடுவார்களாம், அதனால் பூட்டாம். ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில்தான் அவர்களுக்கு வேலை இல்லை. பூட்டிய பூங்காவின் பின்சுவரை ஏறிக் குதிப்பது யார் என்று காலையில் கிடக்கும் பாட்டில்களே சொல்கின்றன.

கேட்க நாம் யார் என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த நிலத்தின் விலை எங்கே போயிற்று? மனை வாங்கியவர்களின் தலையில்தான் ஏறியது. இன்றைய பல பூங்காக்கள் அப்படி வந்த நிலங்கள்தான். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காப்பதற்கென்றே 1959இல் இந்த மாநிலம் தனிச் சட்டம் போட்டிருக்கிறது. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் பூங்காக்களை நகராட்சிகளின் பொறுப்புப் பட்டியலில் சேர்த்தது. வார்டு குழுக்களுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கும் 2022இல் விதிகளே வந்துவிட்டன. ஆகவே பூங்காவைப் பற்றிப் பேசுவது எங்கள் உரிமை, சலுகை அல்ல.

இதில் பழைய வயிற்றெரிச்சல் ஒன்றும் உண்டு. சென்னையில் சார்லஸ் டிரெவெலியன் ஆளுநராக இருந்தபோது, 19ஆம் நூற்றாண்டின் நடுவில், சுமார் 116 ஏக்கரில் மக்கள் பூங்கா தொடங்கப்பட்டது. பிறகு என்ன ஆயிற்று? விக்டோரியா பொது மண்டபம் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. மூர் மார்க்கெட் ஒரு துண்டு. பின்னாளில் நேரு விளையாட்டரங்கம். 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை, அதாவது மாநகராட்சியின் தலைமையகமே, அந்தப் பூங்கா நிலத்தில்தான் நிற்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அன்றைக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். தெருமுனைப் பூங்காவில் ஒரு மூலையைத் தண்ணீர்த் தொட்டிக்கும் இன்னொரு மூலையை வார்டு அலுவலகத்துக்கும் விடச் சொல்லி வருகிறவர்களும் நியாயத்தோடுதான் வருகிறார்கள். போன நிலம் திரும்பி வராது.

கேட்டுச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா 1970களில் போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகியிருந்தது. வில்லியம் வைட் என்ற ஆய்வாளர், யார் எங்கே உட்காருகிறார்கள், யார் வரவே இல்லை என்று கவனித்துச் சொன்னார். தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாத அந்த அமைப்புதான் அடிப்படைக் கோளாறு. வாசல்களைத் திறந்துவிட்டார்கள், பார்வையை மறைத்த புதர்வேலிகளை எடுத்தார்கள், வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும் நாற்காலிகளைப் போட்டார்கள். 1992இல் மறுபடி திறந்த பிறகு கூட்டம் அலைமோதுகிறது. அங்கே பணமும் நிறையச் செலவானது, மறுக்கவில்லை. ஆனால் காலையும் பகலும் மாலையும் ஓர் ஆள் உட்கார்ந்து பார்ப்பதற்கு என்ன செலவு? சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டு, சறுக்குமரம் இங்கே வரட்டுமா, பெஞ்ச் அங்கே போகட்டுமா என்று கேட்பதற்கு எத்தனை கோடி வேண்டும்?

பராமரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கட்டுவதற்கு லட்சங்கள் வருகின்றன. தோட்டக்காரருக்கு மாதச் சம்பளம் என்றால் எல்லோரும் கையை விரிக்கிறார்கள். ஊஞ்சலின் ஒரு பக்கச் சங்கிலி அறுந்து தொங்குகிறது. ஒரு கொக்கி மாற்றினால் தீர்ந்தது. அதற்குத் தனி மதிப்பீடு வேண்டுமாம், அடுத்த நிதியாண்டுக்குக் காத்திருக்க வேண்டுமாம். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் உடைந்தால் இந்த அதிகாரிகள் நிதியாண்டு பார்ப்பார்களா?

இரண்டாம் கட்ட வேலைக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தெருக்காரர்கள் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். வரைபடத்தைத் தமிழில் எழுதிப் பூங்காக் கதவில் ஒட்டுங்கள், மதிப்பீட்டுத் தொகையோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டத்தைப் பூங்காவுக்குள்ளேயே நடத்துங்கள். அதற்குப் பூ விற்கும் அம்மாவும் பந்து விளையாடத் தடை வாங்கிய பையன்களும் தூய்மைப் பணியாளர்களும் வர வேண்டும். கட்டுமானத்தோடு மூன்றாண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். புங்க மரத்தைச் சுற்றியிருக்கும் கல்லை இப்போதே, மழைக்கு முன்பே, பெயர்த்தெடுங்கள். இதையெல்லாம் செய்யாமல் ஒப்பந்தப்புள்ளி கோரினால், அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் முதல் பேச்சு எங்களுடையதாகத்தான் இருக்கும்.