செடிச்சாறு மருந்தாக இன்னும் தூரம் இருக்கிறது

மூளை அழற்சியைத் தணிக்கும் மருந்துகளை மூலிகைகளில் தேடுவது பற்றிய உங்கள் கட்டுரையை மொரிஷியஸிலிருந்து படித்தேன். நல்ல கட்டுரை, ஆனால் முக்கியமான இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டது. ஆய்வுக்கூடத் தட்டில் மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவின் கொந்தளிப்பை ஒரு சாறு அடக்கினால் மட்டும் அது மருந்தாகிவிடாது. குடல் அதை உறிஞ்ச வேண்டும், கல்லீரலில் சிதையாமல் தப்ப வேண்டும், அப்புறம் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைக் கடக்க வேண்டும். மஞ்சளின் குர்குமின் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளிலேயே நின்றுவிடுகிறது. மிளகின் பைப்பரின் உறிஞ்சலைக் கூட்டும், சரி. ஆனால் அது வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றக்கூடும். இங்கே நம் பெரியவர்கள் பலர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை போடுகிறவர்கள். அவர்களிடம் ‘இயற்கைதானே’ என்று குர்குமின் மாத்திரையை நீட்டுவது எனக்குப் பெரும் கவலை. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. 2001இல் அமெரிக்கா அல்சைமருக்கு அனுமதித்த கேலண்டமைன், பனித்துளிப் பூச்செடியில் கண்டறியப்பட்டதுதான் (அழற்சி மருந்தல்ல, நரம்புகளிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுப்பது). எங்கள் முன்னாள் ஜனாதிபதி அமீனா குரிப்-ஃபாகிம் இத்தீவின் மூலிகைகளை ஆராய்ந்த விஞ்ஞானி. ஆனால் அத்தகைய செடிகள் வளரும் பூர்வீகக் காடு சிறு துண்டுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அதையும் வெளியிலிருந்து வந்து பரவிய சீனக் கொய்யா நெருக்குகிறது. அடுத்த கட்டுரையில் காட்டைப் பற்றியும், தலைநகர் போர்ட் லூயிஸ் சந்தையில் கசாய இலை விற்பவர்களின் அறிவுக்கு மருந்து நிறுவனங்கள் என்ன பங்கு தர வேண்டும் என்பதைப் பற்றியும் எழுதுங்கள்.